ஐந்து வெள்ளிக்கு விலைபோன போர்வை

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் கல்வெட்டும் செப்பேடும் அரசாணையும் ஏட்டுச் சுவடியும் நினைவிற்கு வருதல் இயல்பே. மன்னர் வென்ற போர்களும் வணிகர் கடந்த கடல்களும் இவற்றின் வாயிலாகவே நமக்குத் தெரியவருகின்றன. எனினும், இவை யாவும் எழுதத் தெரிந்தவர்களும் பிறரைக் கொண்டு எழுதுவிக்கும் வலிமை பெற்றவர்களும் விட்டுச்சென்ற சான்றுகளாகும். எழுத்தறிவு பெறுதலே குற்றமெனச் சட்டமியற்றித் தடுக்கப்பெற்ற ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எங்கே தேடுவது? அவர்கள் பாடிய பாட்டிலும், பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதையிலும், கையால் ஆக்கிய பொருள்களிலும் தேடியாக வேண்டும்.

அத்தகைய சான்றுகளுள் இரண்டு, அமெரிக்க நாட்டின் இரு பெரும் அரும்பொருளகங்களில் இன்று காக்கப்பெறுகின்றன. இரண்டும் துணியாலான போர்வைகள். இரண்டையும் தைத்தவர் ஹாரியெட் பவர்ஸ் என்னும் அம்மையார். அடிமையாகப் பிறந்து, உழவனின் மனைவியாக வாழ்ந்து, ஒன்பது பிள்ளைகளையேனும் பெற்று, தம் குடிலையே தையற்கூடமாகக் கொண்டு உழைத்த அவருடைய கதை, கைத்தொழிலின் பெருமையை மட்டும் கூறுவதன்று. உழைத்தவருக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதையும் அது கூறுகின்றது.

ஒட்டுப் போர்வை என்பது யாது?

ஆங்கிலேயர் 'குயில்ட்' என்று கூறும் போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு, பல துணித் துண்டுகளை இணைத்தோ, ஒரு துணியின்மீது வேறு துணியால் வெட்டிய உருவங்களை ஒட்டித் தைத்தோ அமைக்கப்படும். நடுவில் குளிரைத் தடுக்கும் பஞ்சு அடுக்கு இருக்கும். அடியில் உறுதியான ஒரு துணி இருக்கும். இம்மூன்றும் விலகாதிருக்கும்பொருட்டு, போர்வை முழுவதும் நெருக்கமாக ஊசி ஓட்டித் தைக்கப்படும். பழஞ்சேலைகளை அடுக்கி ஓரந்தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் வழக்கத்தை அறிந்த தமிழ் மக்களுக்கு இக்கலையின் அடிப்படை புதிதன்று. உடுத்திக் கிழிந்ததையும் வீணாக்காத குடும்பப் பெண்ணின் சிக்கனமே இரண்டிற்கும் தாய் எனலாம்.

இப்போர்வைக் கலைக்கும் நம் முன்னோர் கடற்கரைக்கும் உண்மையானதொரு தொடர்பும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயம் தோய்ந்த பருத்தித் துணிகள் ஐரோப்பியச் சந்தைகளைக் கவர்ந்தன. தமிழில் சீட்டித் துணி என வழங்குவதும் ஆங்கிலத்தில் 'சின்ட்ஸ்' என வழங்குவதும் ஓரினச் சொற்களே. கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தின் பெயரே 'காலிகோ' என்னும் துணிப் பெயராயிற்று. இத்துணிகளின் வரவால் தம் நாட்டு நெசவாளர் நலிவதைக் கண்ட பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1700ஆம் ஆண்டிலும் 1721ஆம் ஆண்டிலும் அவற்றிற்கு எதிராகச் சட்டங்கள் இயற்றியது. பின்னர் ஐரோப்பியரும் அமெரிக்கரும் தம் ஆலைகளிலேயே அச்சடித்த பருத்தித் துணிகளை மலிவாக ஆக்கத் தொடங்கினர். 'காலிகோ' என்ற பெயர் மட்டும் நிலைத்தது. ஹாரியெட் அம்மையாரின் போர்வைகளில் காணப்படும் பூவச்சுத் துணிகள் அம்மரபில் வந்தவையே.

பருத்தி நாட்டில் பிறந்தவர்

1793ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் தங்கியிருந்த எலி விட்னி என்பார், பஞ்சினின்றும் கொட்டையை விரைவாகப் பிரிக்கும் பொறியைச் செய்தார். கையால் கொட்டை நீக்கும் துன்பம் நீங்கியமையின், அடிமைகளின் துன்பமும் குறையும் என எவரேனும் எண்ணியிருப்பின் அவர் எண்ணம் பொய்த்தது. பருத்தி பெருவணிகம் ஆயிற்று, நிலம் விரிந்தது, விதைக்கவும் களையெடுக்கவும் பறிக்கவும் மேன்மேலும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1790ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அமெரிக்க அடிமைகளின் தொகை, 1860ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 இலட்சமாயிற்று. அவருள் 4 இலட்சத்து 62 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் ஜார்ஜியாவில் இருந்தனர்.

அம்மாநிலத்தில் ஏதென்ஸ் என்னும் ஊரின் அருகே 1837ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஹாரியெட் பிறந்தார். அவர் பிறப்பதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1829ஆம் ஆண்டில், கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டிருந்தது. கற்பித்தவர் வெள்ளையராயின் அபராதமும் சிறையும், கறுப்பராயின் கசையடியும் விதிக்கப்படலாம். பருத்தியைப் பயிரிடும் கை பருத்தித் தாளில் எழுதலாகாது என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து.

1855ஆம் ஆண்டில் ஹாரியெட், ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பாரை மணந்தார். பத்தாண்டுகள் கழித்து, உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1865ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. முன்னாள் அடிமைகளுட் பலர் பிறர் நிலத்தில் கூலிக்கும் வாரத்திற்கும் உழைத்தனர். பவர்ஸ் குடும்பத்தினரோ, பல்லாண்டு உழைப்பிற்குப் பின் 1880களில் 4 ஏக்கர் நிலத்திற்கு உரிமையாளராயினர். அடிமையாகப் பிறந்த இருவர்க்கு அந்நான்கு ஏக்கர் எத்துணைப் பெரிய உடைமை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வீடே தையற்கூடம்

அக்காலத்துப் பண்ணை வீடுகளில் தையல் என்பது பொழுதுபோக்கன்று. குளிர்காலத்தில் பிள்ளைகள் உறங்க வேண்டுமாயின் போர்வை வேண்டும். கடையில் வாங்கப் பணம் இல்லையாயின் தைத்தே ஆகவேண்டும். அடிமைக் காலத்தில் பல பெண்கள் பகலெல்லாம் எசமானர் வீட்டிற்குத் தைத்துவிட்டு, இரவில் எஞ்சிய கந்தைகளைக் கொண்டு தம் மக்களுக்குத் தைத்தனர். விடுதலைக்குப் பின் அத்தேர்ச்சியே பலருக்குக் கூலி தரும் தொழிலாயிற்று.

1850களில் ஐசக் சிங்கரின் நிறுவனம் தையற்பொறியைத் தவணை முறையில் விற்கத் தொடங்கியமை இதற்குப் பெருந்துணை புரிந்தது. முழுத்தொகையையும் ஒருங்கே செலுத்த இயலாத குடும்பங்களிலும் பொறி நுழைந்தது. ஹாரியெட் அம்மையாரின் போர்வைகளில் கைத்தையலும் பொறித்தையலும் கலந்தே காணப்படுகின்றன. பழைய கலையெனில் கையால் மட்டுமே செய்ததாக இருத்தல் வேண்டும் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. தம் காலத்தில் கிடைத்த நல்ல கருவியைக் கைக்கொண்டு, தம் மனத்தில் இருந்ததைத் தம் போக்கில் வெளிப்படுத்தியவர் அவர்.

அவர் உருவம் ஒரு நிழற்படத்தில் மட்டும் நமக்குக் கிடைத்துள்ளது. 1890களின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட அப்படத்தில் அவர் நிமிர்ந்து நிற்கின்றார். மேலே அணிந்த முன்றானையிலும் ஒளிவட்டம் போன்ற உருக்கள் ஒட்டித் தைக்கப்பட்டுள்ளன. தைத்தவர் தம் தொழிலின் அடையாளத்தைத் தம் உடலிலேயே தரித்து நிற்கும் அக்காட்சி நெஞ்சைவிட்டு நீங்காது.

பதினொரு கட்டங்கள்

1886ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற பருத்திக் கண்காட்சியில் அவருடைய போர்வை ஒன்று தொங்கவிடப்பட்டிருந்தது. அகலம் ஏறத்தாழ ஏழரை அடி; உயரம் ஆறடிக்கும் மேல். ஏறத்தாழ 300 துணித் துண்டுகளால் ஆகிய அப்போர்வை மூன்று வரிசைகளில் 11 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் கிறித்தவத் திருமறையிலிருந்து ஒரு நிகழ்ச்சி காட்டப்பட்டது. ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், தம்பி ஆபேலைக் கொல்லும் காயீன், வானத்தேணியைக் கனவிற் காணும் யாக்கோபு, நீராட்டுப் பெறும் இயேசு, இறுதி இராவுணவு, முப்பது வெள்ளிக்காசுக்குத் தம் ஆசானைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், சிலுவைக் காட்சி எனப் படைப்பு முதல் மீட்பு வரை அது விரிந்தது.

உருவங்கள் எளியவை. முகத்தில் கண்ணும் மூக்கும் நுணுக்கமாகத் தைக்கப்படவில்லை. நிழல் போன்ற வடிவங்களே மனிதராகவும் விலங்காகவும் விண்மீனாகவும் நின்றன. ஆயினும் எந்த உருவம் எங்கு நிற்க வேண்டும், எந்த நிறத்தின் அருகே எந்த நிறம் வரவேண்டும் என்பதில் ஓர் ஓவியரின் தெளிவு இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் தகோமே அரசின் தலைநகரான அபோமேயில் அரசர்க்கெனத் தைக்கப்பட்ட ஒட்டுத்துணிச் சித்திரங்களோடு இவற்றிற்கு ஒப்புமை இருப்பதை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அபோமேயில் அத்தொழிலைச் செய்தவர் அரசரின் ஆதரவு பெற்ற ஆடவர். ஜார்ஜியாவில் செய்தவர் நான்கு ஏக்கர் உழவனின் மனைவி.

கண்காட்சிக்கு வந்தோருள் ஜென்னி ஸ்மித் என்னும் வெள்ளைப் பெண்மணியும் ஒருவர். ஏதென்ஸ் நகரின் லூசி காப் மகளிர் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றியவர் அவர். போர்வையைக் கண்டு வியந்து, தைத்தவரைத் தேடிச் சென்று, அதனை விலைக்குக் கேட்டார். எவ்விலைக்கும் தருவதற்கில்லை என்று ஹாரியெட் மறுத்துவிட்டார்.

பத்து கேட்டு ஐந்து பெற்றமை

பருத்தியை நம்பிய வாழ்வு பருத்தியின் விலையோடு ஏறி இறங்குவது. போருக்குப் பின்னர் அவ்விலை பலமுறை சரிந்தது. 1894ஆம் ஆண்டில் ஒரு பவுண்டுப் பஞ்சின் விலை 5 காசுக்கும் கீழே போயிற்று. அதாவது, நூறு பவுண்டுப் பஞ்சை விற்றாலும் 5 வெள்ளி முழுமையாகக் கைக்கு வராது. அவ்வீழ்ச்சியின் தொடக்கக் காலத்திலேயே, ஏறத்தாழ 1891ஆம் ஆண்டில், பவர்ஸ் குடும்பம் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. எவ்விலைக்கும் தருவதற்கில்லை என்ற போர்வையை விற்க ஹாரியெட் முன்வந்தார்.

அந்நாளின் நிகழ்ச்சியை ஜென்னி ஸ்மித் தம் கையால் எழுதி வைத்துள்ளார். மாட்டு வண்டியில் கணவரோடு வந்த ஹாரியெட், மாவுச் சாக்கில் பொதிந்து, அதன்மேல் கோணியும் சுற்றி, போர்வையை மடியில் வைத்துக் கொணர்ந்தார். பத்து வெள்ளி கேட்டார். தம்மால் ஐந்து மட்டுமே தரவியலும் என்றார் ஸ்மித். ஹாரியெட் வெளியே சென்று கணவரோடு கலந்து பேசினார். காலம் கெட்டுக் கிடக்கிறது, கிடைப்பதைப் பெற்றுக்கொள்வதே நன்று என்பது கணவரின் கருத்தாயிற்று. போர்வை ஐந்து வெள்ளிக்குக் கைமாறியது.

விற்றவர் உடனே திரும்பிவிடவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் வாங்கியவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக விளக்கினார். ஸ்மித் அவற்றைக் குறித்துக்கொண்டார். இனித் தம்மிடம் சேரும் துணித்துண்டுகளையெல்லாம் ஹாரியெட்டுக்கென எடுத்து வைப்பதாக ஸ்மித் வாக்களித்தது அவருக்குச் சிறிது ஆறுதல் அளித்ததாம். அதன் பின்னரும் ஹாரியெட் பலமுறை ஸ்மித்தின் இல்லத்திற்கு வந்து, தம் போர்வையைப் பார்த்துவிட்டுச் சென்றார். மணமுடித்துக் கொடுத்த மகளைக் காண வரும் தாயைப் போல அவர் வந்து சென்றார் எனலாம்.

இந்நிகழ்ச்சியில் ஜென்னி ஸ்மித்தை எவ்வாறு மதிப்பிடுவது? கேட்ட விலையிற் பாதியே கொடுத்தவர் என்பது மெய். ஹாரியெட்டின் பேச்சை அக்காலத்து வெள்ளையர் வழக்கப்படி கொச்சையாக எழுதிக் காட்டினார் என்பதும் மெய். ஆயினும் அவர் வாங்கிப் போற்றி வைத்திராவிடில், அப்போர்வை யாரேனும் ஒருவர் படுக்கையில் கிழிந்து நைந்து மறைந்திருக்கும். அவர் குறித்து வைத்திராவிடில், ஏழு விண்மீன்களின் நடுவே நிற்கும் உருவம் சாத்தான் என்பதை இன்று எவரும் அறியார். ஏழையின் உழைப்பைக் குறைந்த விலைக்குக் கொண்ட கையே அவ்வுழைப்பிற்கு நெடுவாழ்வும் அளித்தது. வரலாற்றில் நன்மையும் தீமையும் பல வேளைகளில் இவ்வாறு ஒரே நூலிற் பின்னிக் கிடக்கின்றன.

சொல்லிச் செய்வித்த இரண்டாம் போர்வை

1895ஆம் ஆண்டில் ஜார்ஜியாவின் தலைநகரான அட்லாண்டாவில் பருத்தி மாநிலங்களின் பன்னாட்டுப் பொருட்காட்சி நடைபெற்றது. கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அதன் தொடக்க விழாவில் செப்டம்பர் 18ஆம் நாள் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. அப்பொருட்காட்சியில் ஹாரியெட்டின் போர்வையையும் ஸ்மித் காட்சிக்கு வைத்தார். அதனைக் கண்ட அட்லாண்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குடும்பத்துப் பெண்டிர், தமக்கும் அவ்வாறு ஒன்று வேண்டுமெனச் சொல்லிச் செய்வித்தனர் என்று கூறப்படுகிறது. 1898ஆம் ஆண்டில் அப்போர்வை, நியூயார்க் இறையியற் கல்லூரித் தலைவரான சார்லஸ் கத்பர்ட் ஹால் என்பாருக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது.

பிறர் விருப்பத்திற்கிணங்கத் தைப்பவர், முன்பு செய்ததையே மீண்டும் செய்து கொடுத்துப் பொருள் பெறலாம். ஹாரியெட் அவ்வாறு செய்யவில்லை. 15 கட்டங்கள் கொண்ட இரண்டாம் போர்வையில் திருமறைக் காட்சிகளோடு, தம் மக்கள் வாய்வழியே காத்துவந்த நிகழ்ச்சிகளையும் சேர்த்தார். சொல்லிச் செய்வித்தவர் துணியும் கூலியும் தந்திருக்கலாம். பொருளைத் தேர்ந்தவர் தைத்தவரே.

ஒரு கட்டத்தில் 1780ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் காட்டப்பட்டுள்ளது. அன்று வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நண்பகலிலேயே இருள் சூழ்ந்தது. மக்கள் விளக்கேற்றினர், உலகம் முடிந்தது என அஞ்சினர். காட்டுத்தீயின் புகையே அதற்குக் காரணம் என்பதைப் பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தோர் பிற்காலத்தில் நிறுவினர். மற்றொரு கட்டத்தில் 1833ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் விண்மீன்கள் மழையெனப் பொழிந்த காட்சி உள்ளது. ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகித் தோன்றும் சிம்ம எரிமீன் பொழிவே அது. பிறந்த நாளை எழுதிவைக்க வழியற்ற அடிமை மக்கள், விண்மீன் விழுந்த ஆண்டிற்கு முன், பின் என்று தம் வயதைக் கணக்கிட்டனர்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் ஹாரியெட் பிறப்பதற்கு முன்னர் நிகழ்ந்தவை. முன்னது 57 ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு பகுதியில் நிகழ்ந்தது. ஆயினும் ஆண்டும் திங்களும் நாளும் பிழையின்றி அவரை வந்தடைந்தன. அவர் தம் வாழ்நாளிலேயே நிகழ்ந்த மூன்றாவது நிகழ்ச்சியில்தான் நாள் சற்றே வழுவுகிறது. 1895ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீசிய கடுங்குளிரைக் காட்டும் கட்டத்திற்கு, 'குளிர் வியாழன், பிப்ரவரி 10' என்ற விளக்கம் எழுதப்பட்டுள்ளது. நாட்காட்டிப்படி அவ்வாண்டு பிப்ரவரி 10 ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை 7ஆம் நாளில் வந்தது. எழுத்தாவணமாயினும் வாய்மொழியாயினும் ஒப்பிட்டு நோக்கிய பின்னரே கொள்ளுதல் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எனினும் அக்கட்டத்தில் உறைந்துபோன மனிதரும், கோவேறு கழுதையின் மூச்சிலிருந்து தொங்கும் பனிக்கூர்களும், குளிரில் மாண்ட நீலப் பறவைகளும் அரசாங்க வானிலைக் குறிப்பு எதுவும் தரவியலாத செய்திகளாகும்.

இப்போர்வையில் அனைவரையும் ஈர்க்கும் உயிர் ஒன்று உண்டு. அது பெட்ஸ் என்னும் பெயருடைய பன்றி. யாருக்கும் அடங்காத அப்பன்றி ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை 500 மைல் ஓடியது என்பது கதை. அடிமை நாடான தெற்கிலிருந்து வடக்கு நோக்கிய ஓட்டம் அது. பிடிபட்டால் கடுந்தண்டனை என்று தெரிந்தும் வடதிசை நோக்கி ஓடிய எண்ணற்ற அடிமைகளின் நினைவே இப்பன்றியின் உருவில் தைக்கப்பட்டுள்ளது என்பர் ஆய்வாளர் சிலர். பெருமக்களுக்கு அன்பளிப்பாகச் செல்லும் போர்வையில் அக்கதை அமைதியாக இடம்பெற்றது.

மறைந்திருந்த மடல்

இக்காலத்திற்குள் குடும்பம் சிதையத் தொடங்கியது. 1890களில் நிலம் சிறிது சிறிதாகக் கைவிட்டுப் போயிற்று. 1895ஆம் ஆண்டளவில் கணவர் ஆர்ம்ஸ்டெட் பிரிந்து சென்றார். ஹாரியெட் தம் கையுழைப்பால் எஞ்சிய காலத்தைக் கழித்து, 1910ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மறைந்தார்.

அவருடைய போர்வைகள் உலகப் புகழ் பெற்ற பின்னரும், அவரைப் பற்றி எழுதியோர் பலர் அவரை எழுத்தறிவற்றவர் என்றே குறித்தனர். அடிமைப் பெண் ஆதலின் படிக்கத் தெரிந்திராது. பிறர் படிக்கக் கேட்டதையே துணியில் தைத்திருப்பார் என்று கொண்டனர். அவரது பேச்சாக நமக்குக் கிடைத்திருந்தவை பிறர் எழுதி வைத்தவையே. எனவே அக்கூற்றை மறுப்பார் இலர்.

2009ஆம் ஆண்டில் கைரா ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட நூல் இந்நிலையை மாற்றியது. அயோவா மாநிலத்துக் கியோகுக் நகரைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு ஹாரியெட் 1896ஆம் ஆண்டில் எழுதிய மடலின் படியை அவர் கண்டெடுத்தார். அம்மடலில் ஹாரியெட் தம் வாழ்வைத் தாமே கூறுகின்றார். பதினொரு வயதளவில் வெள்ளைக் குழந்தைகளின் உதவியால் படிக்கக் கற்றதைச் சொல்கின்றார். தாம் ஆக்கிய போர்வைகளை எண்ணிக் காட்டுகின்றார். அவை நான்கு. திருமறையைத் தாமே படித்து, எண்ணித் திட்டமிட்டு, போர்வையாக அமைத்தவர் அவர் என்பது ஐயத்திற்கிடமின்றி விளங்கியது.

பதினொரு வயதெனில் அது 1848ஆம் ஆண்டளவு. கற்பித்தலைக் குற்றமாக்கிய சட்டம் நடப்பில் இருந்த காலம். அச்சட்டத்தைப் பண்ணை வீட்டுக் குழந்தைகள் சிலரும் ஓர் அடிமைச் சிறுமியும் சேர்ந்து முறித்திருக்கின்றனர். தடுத்த சட்டம் ஒழிந்தது. சிறுமி கற்ற எழுத்து நின்றது. ஆயினும் அவர் படித்தவர் என்பதை உலகம் அறிந்துகொள்ள, அவர் மறைந்து 99 ஆண்டுகள் ஆயின.

கல்லறையும் காட்சிக்கூடமும்

முதற்போர்வை ஜென்னி ஸ்மித்தின் வாழ்நாளுக்குப் பின்னர், 1960களின் இறுதியில், வாஷிங்டன் நகரில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அரும்பொருளகத்தைச் சென்றடைந்தது. இரண்டாம் போர்வையை ஹாலின் மகனிடமிருந்து மாக்சிம் கரோலிக் என்னும் கலைப்பொருள் சேகரிப்பாளர் விலைக்கு வாங்கினார். அவர் வாயிலாக 1964ஆம் ஆண்டில் அது பாஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்திற்குக் கிட்டியது. நான்கனுள் இன்று உள்ளனவாக அறியப்பட்டவை இவ்விரண்டே.

1992ஆம் ஆண்டில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஸ்மித்சோனியனின் உரிமம் பெற்ற நிறுவனமொன்று, ஹாரியெட்டின் போர்வை உள்ளிட்ட சில பழம்போர்வைகளின் நகல்களைச் சீன நாட்டில் பெருந்தொகையாகத் தைப்பித்து அமெரிக்கக் கடைகளில் விற்றது. வீட்டிலிருந்து தைத்துப் பிழைக்கும் பெண்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். குறைந்த கூலிக்குத் தைத்த நகல்கள் சந்தையில் குவிந்தால், ஒவ்வொன்றையும் கையால் தைப்பவர் எவ்வாறு விலைகேட்க முடியும் என்பது அவர்கள் வாதம். நூறு ஆண்டுகளுக்கு முன் மாட்டு வண்டியில் வந்தவர் எதிர்கொண்ட கேள்வியும் அதுவே அன்றோ? தையலில் செலவான நாள்களுக்கு விலையை யார் உறுதி செய்வது?

ஏதென்ஸ் நகரில் கறுப்பின மக்களுக்கென 1882ஆம் ஆண்டில் அமைந்த காஸ்பல் பில்கிரிம் இடுகாட்டில் ஹாரியெட் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல் புதர் மூடிக் கிடந்து, 2005ஆம் ஆண்டில்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த பொறிப்பே அவர் மறைந்த நாளைத் திருத்தமாகக் காட்டியது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் அரும்பொருளகம் அமெரிக்கப் போர்வைகளின் கண்காட்சி ஒன்றைத் திறந்தது. அதில் அவருடைய இரு போர்வைகளும் முதன்முறையாக ஒரே கூடத்தில் அருகருகே வைக்கப்பட்டன.

உணர வேண்டுவது

உலகின் அரும்பொருளகங்களில் அழகிய போர்வைகள் பலவுண்டு. அவற்றுட் பலவற்றின் அருகே 'தைத்தவர் பெயர் தெரியவில்லை' என்ற குறிப்பே காணப்படும். ஹாரியெட் பவர்ஸின் பெயர் எஞ்சியமைக்குக் காரணம் அவருடைய திறமை ஒன்றே என்று கூறுதற்கில்லை. விற்ற நாளில் அவர் வாய்திறந்து விளக்கினார். கேட்டவர் எழுதி வைத்தார். எங்கோ ஒருவர் அவருடைய மடலைப் படியெடுத்துக் காத்தார். இம்மூன்றனுள் ஒன்று தவறியிருப்பினும் நமக்கு எஞ்சியிருப்பது அழகிய துணி மட்டுமே.

கல்லாத மக்கள் என்று எவரையும் எளிதில் முடிவு கட்டலாகாது என்பது இவ்வரலாறு கற்பிக்கும் முதற்பாடம். ஒரு பொருளைப் போற்றுவோர் அதை ஆக்கியவரின் பெயரையும் சொல்லையும் உடன் போற்றுதல் வேண்டும் என்பது அடுத்த பாடம். நம் இல்லங்களிலும் பாட்டியர் தைத்தவை, முடைந்தவை, பின்னியவை பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றை எடுத்து வைத்து, இதனைச் செய்தவர் யார், எப்போது, எதற்காக என்று கேட்டு ஒரு தாளில் எழுதி உடன் வைக்குமாறு மாணவர்களைப் பழக்கலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கேட்பதற்குரிய முதியவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும், அவ்வளவே.